இருநூற்று நாற்பதாம் படியில் கடல்

தணிகாசலம் ஓய்வுபெறும் நாளன்று காலையில் நானூற்றுப் பதினேழாம் எண் விலங்கு அலமாரியில் இல்லை. அது விடுப்பில் போயிருந்தது.

விடுப்புக் கடிதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பெயர்: மாதிரி எண் 417. காரணம்: சொந்த ஊருக்குச் செல்லுதல். விடுப்புக்கால முகவரி: டிரையாசிக் கடல், இதே கட்டடம், கீழே. கையொப்பத்துக்கான இடத்தில் ஒரு துடுப்பின் ஈர அச்சு இருந்தது. அச்சு கோட்டைத் தாண்டவில்லை.

“என்ன குலசேகரன், கல்லுக்கெல்லாம் யாரு லீவு சாங்ஷன் பண்ணது?” என்றார் தணிகாசலம்.

“நீங்கதான் சார்,” என்றார் கண்காணிப்பாளர் குலசேகரன். “போன வெள்ளிக்கிழமை. மொத்தமா அம்பது பேப்பர் வந்துச்சு. நீங்க போன்ல பேசிக்கிட்டே போட்டுட்டீங்க.”

நடக்கக்கூடியதுதான். பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில் தணிகாசலம் அந்த அலுவலகத்திலேயே பேர்போனவர். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் அவர் முழுசாகப் படித்த ஒரே காகிதம் அவருடைய பதவி உயர்வு உத்தரவு. அதையும் இரண்டு தடவை படித்தார்.

புதைபடிவ அலுவலகம் என்பது அந்த ஊரில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். மேலேதான் மூன்று. அஸ்திவாரம் தோண்டிய மேஸ்திரி, பாறை அடுக்கடுக்காக வந்ததைப் பார்த்து அடுக்குக்கொரு படி வைத்துக்கொண்டே போனார். நிறுத்துங்கள் என்று யாரும் உத்தரவு போடவில்லை. அவரும் நிறுத்தவில்லை. ஒரு படிக்குப் பத்து இலட்சம் ஆண்டு. அறுபத்தாறாவது படியில், டைனோசர்கள் அழிந்த நாளின் சாம்பல் கொஞ்சம் கிடக்கும். எத்தனை முறை பெருக்கினாலும் மறுநாள் அப்படியே கிடக்கும். இருநூற்று நாற்பதாவது படியில், இருபத்து நான்கு கோடி ஆண்டுக்கு முந்தைய டிரையாசிக் கடல் தொடங்குகிறது. அங்கே போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

மாதிரிகள் மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் படிக்குப் போய்வருவது வழக்கம். இரண்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்து அலமாரியில் கல்லாகிவிடும். நானூற்றுப் பதினேழு மட்டும் நேற்றுப் போனது திரும்பவில்லை.

“பதிவேட்டுல எண்ணூத்திப் பன்னெண்டு உருப்படி,” என்றார் குலசேகரன். “எண்ணூத்திப் பதினொண்ணு சரியா இருக்கு. ஒண்ணு குறைஞ்சா பொறுப்பு ஒப்படைக்க முடியாது சார். மூணு மணிக்குப் பாராட்டுக் கூட்டம். அஞ்சே முக்காலுக்கு நீங்க ஓய்வு.”

“அப்புறம் பொறுப்பை நீங்க எடுத்துக்கக் கூடாதா?”

“நாளையிலேர்ந்து டிரையாசிக்குக்குப் பொறுப்பு அலுவலரே கிடையாது. உங்க பதவியை எடுத்துட்டாங்க. நீங்க போனதும் அந்தப் படியைப் பூட்டிரச் சொல்லியிருக்கு.”

“அங்க ஆள் இருக்கே.”

“இருக்காங்க,” என்றார் குலசேகரன். பதிவேட்டை மூடினார்.

தணிகாசலம் தானே போய் அழைத்து வருவதாகச் சொன்னார். பத்தொன்பது வருடமாக அவர் அந்தப் படிக்கட்டில் கால் வைத்ததில்லை. ஆய்வுக்குப் போனதாகக் குறிப்பு எழுதுவார், போகமாட்டார். ஏனென்றால் கீழே எஸ்தர் ராணி இருந்தார்.

எஸ்தர் ராணி கல் சுத்தம் செய்கிறவர். பாறைக்குள் இருக்கும் எலும்பை ஊசியால் மண் நீக்கி எடுப்பது அவர் வேலை. அந்த அலுவலகத்தில் அவரைப்போலப் பொறுமை யாருக்கும் கிடையாது. ஒரு மீன் செதிலுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் இயக்குநர் திடீரென்று பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. காட்டுவதற்கு உருப்படியாக ஒன்றுமில்லை. ஒரு பாறையில் நீண்ட மூக்குள்ள மீன்பல்லியின் தலை மட்டும் இருந்தது. இன்னொன்றில் சிப்பிதின்னியின் உடம்பு மட்டும் இருந்தது, அகலமாக, தோசைக்கல் போல. தணிகாசலம் இரண்டையும் பார்த்தார். கதவைச் சாத்தினார். சுண்ணச் சாந்து குழைத்து, இரண்டையும் ஒட்டினார். சாந்து வெள்ளையாக இருந்தது. பாறை பழுப்பு. வெளியே வந்து எஸ்தரிடம், “உன் பிளாஸ்க்ல கொஞ்சம் இஞ்சி டீ இருந்தா ஊத்தும்மா,” என்று கேட்டார். எஸ்தர் ஊற்றிக் கொடுத்தார். அவர் அதைக் குடிக்கவில்லை. சாந்தில் கலந்தார். நிறம் கச்சிதமாகச் சேர்ந்தது.

இயக்குநர் அசந்துபோனார். உலகத்தில் இல்லாத புது விலங்கு. அதற்குத் தணிகாசலத்தின் பெயரையே வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து வெளியூர் நிபுணர் ஒருவர் வந்து, கழுத்தில் ஈரத் துணியை வைத்து எடுத்து முகர்ந்து பார்த்தார். இஞ்சி வாசம் அடித்தது.

விசாரணை வைத்தார்கள். பிளாஸ்க் மேசைமேல் சாட்சியாக நின்றது. “இது யாருடையது?” என்று கேட்டார்கள். “என்னோடதுதான் சார்,” என்றார் எஸ்தர். அடுத்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. எஸ்தர் திரும்பித் தணிகாசலத்தைப் பார்த்தார். அவர் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் துடைத்தார்.

விசாரணையின் முடிவு: விலங்கு சரி, தேநீர்தான் தவறு. விலங்கு பதிவேட்டில் இருந்தது. எஸ்தர் ராணிக்கு டிரையாசிக்குக்கு இடமாற்றம். மாற்று ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை அங்கேயே இருக்க வேண்டியது. விடுவிக்கப்படாதவர்களுக்கு அந்தப் படிக்கட்டு கீழ்நோக்கி மட்டும்தான் போகும்.

தணிகாசலம் இறங்கத் தொடங்கினார். ஐம்பதாவது படிவரைக்கும் மின்விளக்கு இருந்தது. அப்புறம் தானாகவே வெளிச்சமாக இருந்தது. நூறாவது படியில் யாரோ பெரிதாக மூச்சு விட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதையும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

நூற்று அறுபதாவது படியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் தவமணி. போகிறவர் வருகிறவரைப் பதிவது அவருடைய வேலை. ஒரு பெரணி மரம் அவர் தலைக்குமேல் குடைபோல விரிந்திருந்தது.

“எங்க சார் போறீங்க?”

“டிரையாசிக்.”

“மனுசனா?”

“என்னைத் தெரியலையாம்மா?”

“தெரியுது சார். ஆனா இந்தப் படியில மனுசன் இன்னும் ஆரம்பிக்கல. நான் இல்லைன்னு ஒரு படிவம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

படிவம் ஒரே பக்கம்தான். நான் இன்னும் இல்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறேன். கீழே இரண்டு சாட்சிகளுக்கு இடம் விட்டிருந்தது.

“சாட்சிக்கு இங்க யாரும் இல்லையே.”

“அதான் சார் சாட்சி. வெறுமனே விட்டுருங்க.”

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் இல்லாததால் யாருக்கேனும் பாதிப்பு உண்டா? தணிகாசலம் ‘இல்லை’ என்று எழுதினார். வழக்கம்போலக் கேள்வியைப் படிக்காமல்தான் எழுதினார்.

தவமணி படித்துப் பார்த்தார். முத்திரையை மையில் ஒற்றினார். “எஸ்தர் அக்காவோட லீவு லெட்டரெல்லாம் இந்த வழியாத்தான் சார் மேல போகும்,” என்றார். முத்திரை குத்தினார். “இந்த வழியாவே திரும்பியும் வரும்.”

தணிகாசலத்தின் காது மடல்கள் சூடாயின. வருடத்துக்கு இரண்டு கடிதம். மகளுக்குக் காதுகுத்து. மகளுக்கு டைபாய்டு. மகள் பத்தாம் வகுப்பு. மகள் கல்லூரியில் சேருகிறாள். எல்லாம் அவர் மேசைக்குத்தான் வந்தன. ‘மாற்று ஆள் இல்லை, நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வலித்ததால் அதற்கென்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார். அந்த முத்திரை இன்றைக்குக் காலையில்கூட ஒப்படைப்புப் பட்டியலில் இருந்தது. குலசேகரன் அதைச் சரிபார்த்து டிக் போட்டிருந்தார்.

இருநூற்று நாற்பதாவது படியில் அவர் செருப்பைக் கழற்றினார்.

கடல் வெதுவெதுப்பாக இருந்தது. கரை முழுக்கக் கறுப்புச் சேறு. வானத்தில் ஒரு பறவை இல்லை, இன்னும் வரவில்லை. ஆட்டுக்கொம்புபோலச் சுருண்ட ஓடுள்ள அம்மோனைட்டுகள் கரையோரமாக வரிசையில் மிதந்தன. கடல் அல்லிகள் தண்ணீருக்கடியில் ஆடிக்கொண்டிருந்தன. கணுக்கால் ஆழத்தில் ஒரு இரும்பு மேசை, ஒரு நாற்காலி, துருப்பிடித்த ஒரு பீரோ. பீரோவின் கதவில் பள்ளிக்கூடப் புகைப்படங்கள் ஒட்டியிருந்தன. ஒரே பெண், இரட்டைச் சடையிலிருந்து ஒற்றைச் சடைவரைக்கும். எல்லாம் தபால் பையில் வந்தவை.

எஸ்தர் ராணி நாற்காலியில் இருந்து எழுந்து நின்றார். அதிகாரி வந்தால் எழுந்து நிற்பது மேலே எல்லாரும் விட்டுவிட்ட பழக்கம். அவர் எழுந்து நின்றதைத் தணிகாசலத்தால் பார்க்க முடியவில்லை. கீழே குனிந்து பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டார்.

“வாங்க சார். பாத்து, அங்ஙன வழுக்கும்.”

முடி பாதி நரைத்திருந்தது. ஊசியைக் காதோரம் செருகியிருந்தார். மற்றபடி அதே முகம். திட்டுவார் என்று நினைத்துத்தான் தணிகாசலம் இருநூற்று நாற்பது படியும் இறங்கியிருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நானூத்திப் பதினேழு இங்க வந்துச்சா?” என்றார். அதைவிட நல்லதாக எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

“அந்தா கெடக்கு.”

பாறை ஓரமாக அது கிடந்தது. முன்னால் நீண்ட ஒல்லியான முகம், ஊசி ஊசியாய்ப் பல். பின்னால் அகலமான, கனத்த உடம்பு. நடுவில், கழுத்தைச் சுற்றி, ஒரு தேநீர் நிறப் பட்டை. தலை ஒரு திசையில் போக எத்தனித்தது. உடம்பு ஒத்துழைக்கவில்லை.

“ஏன் மேல வரல?”

“படியேற முடியல சார் அதுக்கு. உடம்பு கனக்குது. இவ்வளவு நாளும் தலைதான் பல்லால படியைக் கவ்வி இழுத்துக்கிட்டுப் போச்சு. இப்ப தலைக்கும் வயசாகுதுல்லா.”

“சாப்பிடுதா?”

“வாய் மீன் கேக்கும். இந்த உடம்ப வச்சுக்கிட்டு மீன் பிடிக்க முடியாது. வயிறு சிப்பி கேக்கும். இந்தப் பல்ல வச்சுக்கிட்டுச் சிப்பிய உடைக்க முடியாது.” எஸ்தர் மேசைமேல் இருந்த சுத்தியலை எடுத்தார். ஒரு சிப்பியைத் தட்டி உடைத்து, சதையை எடுத்து, அந்த நீண்ட வாய்க்குள் விரலால் வைத்தார். “அதான் நான் உடைச்சு ஊட்டிவிடுறேன். மத்தியானம் ஒரு வேளை. இல்லாட்டி செத்துரும்லா சார்.”

“பத்தொன்பது வருசமாவா?”

“வேற யாரு இருக்கா?”

அது மென்றது. மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. தணிகாசலம் தன் பெயர் வைக்கப்பட்ட அந்த விலங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். விழாக்களில் அதன் படத்துக்குப் பக்கத்தில் நின்று நிறையப் புகைப்படம் எடுத்திருக்கிறார். அதற்குப் பசிக்கும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

“பிரிச்சு விட்டுறலாமே,” என்றார்.

“வந்த வருசமே பாத்தேன் சார். ஊசிய வச்சதும் ரெண்டும் அழுதுச்சு. தலை அழுதது சரி. உடம்பு எதை வச்சு அழுதுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. விட்டுட்டேன்.”

பிறகு எஸ்தர் கையைத் தண்ணீரில் அலம்பித் துடைத்துக்கொண்டு இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று, மாதிரி எண் 417 இங்கே நலமாக உள்ளது என்ற சான்று. “இதைக் காட்டினா குலசேகரன் சார் ஒப்புக்குவார். நீங்க நல்லபடியா ஓய்வு வாங்கிறலாம்.” இன்னொன்று விடுப்பு விண்ணப்பம். மகள் ஷீபாவுக்கு வியாழக்கிழமை கல்யாணம். இரண்டு நாள் வேண்டும்.

“இன்னைக்குச் சாயங்காலம் இந்தப் படியப் பூட்டுறாங்களாமே சார். தவமணி சொன்னா.”

“ஆமா.”

“அப்பிடின்னா இது கடைசி லெட்டர்,” என்றார் எஸ்தர். குரலில் ஒன்றுமில்லை. “கெடைக்காட்டியும் பரவால்ல சார். எழுதணும்னு எழுதுனேன்.”

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. மாற்று ஆள். தணிகாசலம் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். இந்தத் தடவை படித்தார். பிறகு இரண்டு காகிதங்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மேல போய்ப் பேசுறேம்மா,” என்றார்.

ஏறும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கூட்டத்தில், எல்லார் முன்னாலும், ஒலிபெருக்கியில், உண்மையைச் சொல்லிவிடுவது. சொன்னால் விசாரணையைத் திருப்புவார்கள். எஸ்தரை விடுவிப்பார்கள். தனக்கு அவமானம் வரும். வரட்டும். பத்தொன்பது வருட அவமானத்தை உள்ளே வைத்துக்கொண்டிருப்பதைவிட வெளியே விட்டுவிடுவது மேல். இப்படி நினைத்தபோது அவருக்கு மூச்சு வாங்குவதுகூடக் குறைந்தது.

சான்றைக் குலசேகரனிடம் கொடுத்தார். கூட்டம் அரை மணி தாமதமாக மூன்றரைக்குத் தொடங்கியது. மேடைக்குப் பின்னால் பேனர். அதில் தணிகாசலமும் நானூற்றுப் பதினேழும். முதல் வரிசையில் அவர் மனைவி கோமதி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் பேசினார். சங்கத் தலைவர் பேசினார். மாலை போட்டார்கள், ஒரு சால்வை போர்த்தினார்கள். ஏற்புரைக்கு அழைத்தார்கள்.

தணிகாசலம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “நானூற்றுப் பதினேழை ஒட்டியது நான்தான்,” என்றார். “எஸ்தர் ராணி இல்லை. சாந்தில் தேநீர் கலந்ததும் நான்தான். விசாரணையில் நான் வாயைத் திறக்கவில்லை.”

இயக்குநர் மெல்ல எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் கைதட்டத் தொடங்கினார். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

“இதல்லவா மனசு,” என்றார் இயக்குநர். “தனக்குக் கீழே வேலை பார்த்தவர் செய்த தப்பைக்கூட, போகிற நாளில், தன் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்.”

இன்னொரு சால்வை போர்த்தினார்கள்.

“இல்லைங்க. உண்மையிலேயே நான்தான் செஞ்சேன்.”

கைதட்டல் கூடியது. பின்வரிசையில் ஒருவர் விம்மினார். மூன்றாவது சால்வை வந்தது.

“நான் கோழை,” என்றார் தணிகாசலம். “ஒரு பொம்பளைப் பிள்ளையை மாட்டிவிட்டுட்டு பத்தொன்பது வருசம் நல்லாச் சாப்பிட்டேன்.”

நான்காவது சால்வை. குலசேகரன் கூட்டக் குறிப்பில் எழுதினார்: பெருந்தன்மை, நான்கு முறை.

தணிகாசலத்துக்கு வியர்த்தது. சால்வைகள் கனத்தன. இனி எதைச் சொன்னாலும் அது அவருக்குப் பெருமையாகவே முடியும் என்று தெரிந்தது. உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் ஏறி வந்திருந்தார். அதுவும் ஒரு தப்பித்தல்தான் என்பதை நினைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒலிபெருக்கியை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

முதல் வரிசையில் கோமதி மட்டும் கைதட்டவில்லை. அவர் மடியில் நினைவுப் பரிசு இருந்தது.

“அன்னைக்கு உங்க கையில டீ வாசம் அடிச்சது,” என்றார் கோமதி, மெதுவாக. “குளிச்ச பிறகும் அடிச்சது. நான் கேக்கல.”

“இப்ப நான் கீழ போகணும்.”

“எப்ப வருவீங்க?”

தணிகாசலம் கணக்குப் போட்டுப் பார்த்தார். “தெரியல,” என்றார்.

கோமதி நினைவுப் பரிசை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நான் ஆட்டோ பிடிச்சுப் போயிக்கிறேன்,” என்றார்.

மணி ஐந்தாகிக்கொண்டிருந்தது. கூட்டம் நடந்த நேரத்தில் வண்டல் படிந்து பதினொரு படி கூடியிருந்தது. தணிகாசலம் மாலையும் நான்கு சால்வையுமாக ஓடினார். அறுபது வயதில் அவர் அப்படி ஓடியதைப் பார்க்க ஆள் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் கைதட்டியிருப்பார்கள். தவமணி மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“படிவம்?” என்றார் தணிகாசலம், மூச்சு வாங்க.

“நீங்கதான் ஏற்கெனவே இல்லைன்னு குடுத்தாச்சே சார். போங்க.”

எஸ்தர் ராணி புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவரைக் கண்டதும் திரும்பி நேராக நின்றார்.

“சொன்னேம்மா,” என்றார் தணிகாசலம். “மேடையில. மைக்ல. நான்தான் ஒட்டினேன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க சார்?”

தணிகாசலம் தோளில் கிடந்தவற்றைக் காட்டினார். எஸ்தர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரத்துச் சரிகையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நல்ல சால்வை சார்,” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் தணிகாசலத்தைக் கொன்றது. சேற்றில் உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது. மணி ஐந்து பதினான்கு. அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, இரும்பு மேசைமேல் விரித்து, மாற்று ஆள் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். இன்னொரு தாளில் பணியேற்பு அறிக்கை எழுதினார். இன்று பிற்பகல் டிரையாசிக் கடலில் பணியில் சேர்ந்தேன்.

எஸ்தர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“இங்க ஓய்வு கெடையாது சார். நீங்க பொறக்கவே இன்னும் இருவத்து நாலு கோடி வருசம் இருக்கு.”

“தெரியும்.”

“மேல பூட்டிருவாங்க.”

“தெரியும்மா. போடு.”

எஸ்தர் கையெழுத்துப் போட்டார். பிறகு பொறுப்பை ஒப்படைத்தார். அவசரப்படவில்லை. மேசை ஒன்று. நாற்காலி ஒன்று, ஒரு கால் ஆடும். பீரோ, சாவி இல்லை. சுத்தியல். ஊசி பதினான்கு. எந்தப் பாறை இடுக்கில் நல்ல சிப்பி கிடைக்கும், எந்தப் பக்கம் சேறு ஆழம், அம்மோனைட்டுகள் என்றைக்குக் கரைக்கு வரும், எல்லாம் சொன்னார். தணிகாசலம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அவர் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தார். அன்றைக்கு ஏன் சார் பேசவில்லை? இந்தக் கேள்விக்குப் பத்தொன்பது வருடமாக அவர் பதில் தயாரித்து வைத்திருந்தார். அப்போது தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதவி உயர்வு வர வேண்டிய நேரம். பயம். ஒவ்வொரு பதிலையும் பல தடவை சொல்லிப் பழகியிருந்தார். எஸ்தர் கேட்கவில்லை. புகைப்படங்களைக் கிழியாமல் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து, தேதிப்படி அடுக்கி, கைப்பைக்குள் வைத்தார்.

“பிள்ளைக்கு இதுல ஒண்ணு எடுத்துட்டுப் போம்மா,” என்று தணிகாசலம் ஒரு சால்வையை நீட்டினார்.

“வேண்டாம் சார். அது உங்களுக்குக் குடுத்ததுல்லா.”

எஸ்தர் விலங்கின் அருகே போனார். அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, முதுகைத் தனியாகத் தடவிக்கொடுத்தார். படிக்கட்டில் ஒரு காலை வைத்துப் பார்த்தார். படி மேல்நோக்கிப் போயிற்று. இரண்டாவது காலையும் வைத்தார். செருப்பு போட மறந்து வெறுங்காலோடு ஏறினார். பத்துப் படி ஏறியதும் நடை ஓட்டமானது.

தணிகாசலம் காலடிச் சத்தம் தேயும்வரை நின்றார். கொஞ்ச நேரத்தில் எங்கோ மிக உயரத்தில் ஒரு பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. அப்போது மணி ஐந்தே முக்கால் இருக்கலாம். அவருடைய கைக்கடிகாரம் அதற்கப்புறம் எதையும் காட்டவில்லை.

நானூற்றுப் பதினேழு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பாறை இடுக்கில் தேடி ஒரு சிப்பி கொண்டுவந்தார். சுத்தியலால் தட்டினார். முதல் அடியில் சதை நசுங்கிவிட்டது. இன்னொன்று எடுத்து, பார்த்துத் தட்டினார். சதையைக் கழுவி, எஸ்தர் செய்ததுபோல விரலால் அந்த நீண்ட வாயருகே கொண்டுபோனார். வாய் திறக்கவில்லை. அவர் நீட்டியபடியே இருந்தார். முழங்கை வலித்தது. வெகுநேரம் கழித்து வாய் கொஞ்சம் திறந்தது. பற்கள் அவர் விரலைத் தொடாமல் சதையை மட்டும் வாங்கிக்கொண்டன.

தணிகாசலம் அதன் முன்னால் சேற்றில் குந்தி உட்கார்ந்தார். சுற்றிலும் கைதட்டுவதற்கு ஒருவரும் இல்லை.

“உன்னை ஒட்டினது நான்தான்,” என்றார்.

தலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு மெதுவாகத் திரும்பிக்கொண்டது.